பத்தாவது பெயர்

உபதேசியார் காணிக்கைக் கவர்களை வாசிக்கும் நேரத்தில் மட்டும் இரும்புலியூர் ஆலயத்தில் யாரும் தூங்குவதில்லை. பிரசங்கத்தில் குறட்டை விட்டவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். எந்த வீட்டில் யாருக்கு என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரிவது அந்தக் கவர்கள் வழியாகத்தான். காய்ச்சல் விட்டது, கேஸ் ஜெயித்தது, எட்டு வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்தது. கவரின் மேல் எழுதியதை எழுதியபடியே வாசிக்க வேண்டும். ஆண்டவருக்குச் சொன்னதில் உபதேசியார் ஒரு வார்த்தையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அறுபத்தொன்பதாம் வருஷம், நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறு. மூன்று நாளாக மழை விடவில்லை. ஓட்டின் மேல் விழுந்த சத்தத்தைத் தாண்டிக் கேட்பதற்காக உபதேசியார் குரலை உயர்த்தி வாசித்தார்.

“சகோதரர் லாசரஸ் குடும்பத்தார். காலேஜில் வேலை நிரந்தரம் ஆனதற்காகவும், மகள் ஞானஜோதி பாட்டனி எடுத்துக்கொண்டதற்காகவும், பொருத்தனைப்படி ஸ்தோத்திரக் காணிக்கை.”

பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஞானஜோதி உட்கார்ந்திருந்தாள். முதல் விஷயம் அவளுக்குத் தெரியும். பாட்டனி லேபில் பதினோரு வருஷம் தினக்கூலியாக இருந்த அப்பாவுக்குப் போன வாரம்தான் நிரந்தர ஆர்டர் வந்தது. இரண்டாவது விஷயம்தான் பிடிபடவில்லை. பாட்டனியை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அது அவள் தலையில் விழுந்தது. அதற்கு எதற்கு ஸ்தோத்திரம்? அதுவும் பொருத்தனை என்றால் முன்கூட்டியே நேர்ந்துகொண்டது. மகள் பாட்டனி படிக்க வேண்டும் என்று அம்மா எப்போது ஆண்டவரிடம் கேட்டாள்?

பக்கத்தில் அம்மா ரத்தினபாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் கடனைத் தீர்த்த நிம்மதி. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு தலை மட்டும் திரும்பி ஞானஜோதியைப் பார்த்தது. கெமிஸ்ட்ரி லெக்சரர் எலியேசர்.

ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது எலியேசர் அவளிடம் வந்தார்.

“ஏம்மா, பாட்டனி நீயா கேட்டு வாங்கினதா?”

“இல்ல சார். ஃபாரத்துல மேத்ஸ்தான் போட்டேன். எடம் ஃபுல்லாயிடுச்சுன்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னா?”

“அப்பா.”

எலியேசர் விரித்த குடையைத் திரும்ப மடக்கினார். “மேத்ஸ்ல இருபத்திநாலு எடம். படிக்கிறது பதினெட்டு பேரு. டைம்டேபிள் போட்டவன் நான், எனக்குத் தெரியாதா? நீ கணக்குக்குப் பயந்துகிட்டு விலகிட்டேன்னு பாட்டனி ஜெபராஜ் சார் சொன்னாரு. பி.யூ.சி.யில நூத்துக்குத் தொண்ணூத்தாறு வாங்கின பொண்ணு பயப்படுதான்னு நானும் யோசிச்சேன். அப்புறம் விட்டுட்டேன்.”



பி.எஸ்ஸி.யில் முக்கியப் பாடத்தோடு இரண்டு துணைப் பாடங்கள் எடுக்க வேண்டும். காலேஜில் அதற்கு ஆன்சிலரி என்று பெயர். ஞானஜோதியைப் போலக் கெமிஸ்ட்ரி படிப்பவர்கள் எல்லோருக்கும் பிசிக்ஸ் உண்டு. இன்னொன்று மேத்ஸ் அல்லது பாட்டனி. ஜூன் மாதம் ஃபாரத்தில் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. இரண்டில் எதை எழுதுகிறோம் என்பதில்தான் மூன்று வருஷத்துக்குப் பிறகு எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பது இருந்தது. இது ஞானஜோதிக்கு நன்றாகத் தெரியும். பி.யூ.சி. படிக்கும்போது எலியேசர் அவர்களை ஒரு பெயின்ட் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். அங்கே லேபில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கீழே நான்கு ஆண்கள் வேலை செய்தார்கள். அவள் சொன்னதை அவர்கள் நோட்டில் எழுதினார்கள். அந்தக் காட்சியை ஞானஜோதி யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எந்த வழியாகப் போனால் அந்த இடத்துக்குப் போகலாம் என்று அன்றைக்கே எலியேசரிடம் விசாரித்துக்கொண்டாள்.

“எம்.எஸ்ஸி.க்கு அப்ளிகேஷன் போட்டா மொதல்ல ஆன்சிலரி என்னன்னுதான் பார்ப்பாங்க” என்றார் எலியேசர். “மேத்ஸ் இல்லன்னா மார்க்கைக்கூடப் பார்க்க மாட்டாங்க. கம்பெனி லேபும் அப்படித்தான். கெமிஸ்ட்ரியோட பாட்டனின்னா ஸ்கூல் டீச்சர். டீச்சர் வேலை ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா நீ அதுக்கா வந்தே?”

ரத்தினபாய் தூரத்திலிருந்து கூப்பிட்டாள். “ஜோதி, மழ வலுக்குது பாரு, வா.”

வீட்டில் அன்று கறிக்குழம்பு. ஸ்தோத்திரம் ஏறெடுத்த ஞாயிறு என்பதால் லாசரஸே கடைக்குப் போய் நின்று நெஞ்செலும்பாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். ஒழுகிய இடத்தில் அலுமினியக் குண்டான். அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் காலேஜில் கொடுத்த காக்கி உடுப்பு இரண்டு ஜோடி காய்ந்துகொண்டிருந்தது. நிரந்தரமானவர்களுக்குத்தான் உடுப்பு. அதில் கறி வாசனை ஏறிவிடும் என்று லாசரஸ் இரண்டு முறை சொல்லிவிட்டார். எடுத்து வேறிடத்தில் போட மட்டும் மனம் வரவில்லை. கண்ணில் படும்படி இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்.

ஞானஜோதி தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். கை வைக்கவில்லை.

“கவர் மேல இன்னாம்மா எழுதுன?”

“உள்ளத எழுதுனேன்” என்றாள் ரத்தினபாய்.

“பாட்டனிக்கு எதுக்கு ஸ்தோத்திரம்?”

“படிப்பு கெடச்சா ஸ்தோத்திரம் சொல்லக் கூடாதா? நல்லாக் கேக்குற போ. சோத்தத் துன்னு.”

“பொருத்தனன்னு போட்டிருக்கியே. எப்பப் பண்ண?”

ரத்தினபாய் கரண்டியைக் குழம்பில் வைத்துக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் ஞானஜோதிக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை லாசரஸ் சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரோ மூன்றாம் மனிதருக்கு நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“பாட்டனி ஆன்சிலரிக்குப் பத்து பேராவது இருக்கணுமாம். மேல ரூல் போட்டுட்டான். இல்லன்னா இந்த வருசம் அந்த பேட்ச்சே கெடையாது. ஒம்போது பேருதான் எழுதிக் குடுத்திருந்தாங்க. ஜெபராஜ் சாரு என்னக் கூப்ட்டாரு. லாசரஸ், பேட்ச் இல்லன்னா செடி எதுக்கு, செடி கொண்டார ஆளு எதுக்கு, உன் பேர பர்மனென்ட்டுக்கு எழுதி வச்சிருக்கேன், நான் எந்த மூஞ்சிய வச்சிகினு கேப்பேன்னாரு. அப்புறம், உன் பொண்ணுதான் கெமிஸ்ட்ரி சேந்துகீதேன்னாரு.”

“அதுக்கு?”

“ஃபாரத்தக் கட்டு கட்டி ஆபீஸ்லேர்ந்து டிபார்ட்மென்ட்டுக்கு எடுத்துகினு போறது அட்டெண்டருங்கதான். அன்னிக்கு என் முற. மேத்ஸுக்குப் போற வழியிலதான நம்ம லேபு. கட்டப் பிரிச்சேன். உன்னுத எடுத்தேன். மேத்ஸுன்றத அடிச்சிட்டு பாட்டனின்னு எழுதி, பக்கத்துல கார்டியன்னு கையெழுத்துப் போட்டேன். பேனா அவருதுதான்.” சற்று நிறுத்திவிட்டு, “ஒரு கோடுதான் கண்ணு” என்றார்.

“எங்கிட்ட ஏன் கேக்கல?”

“கேட்டா நீ மாட்டேன்னுவ.”

அதில் ஒளிவுமறைவு இல்லை. லாசரஸ் நாலாவது வரை படித்தவர். ஏரிக்கரையில் நிற்கும் எந்தப் பூண்டுக்கும் அவருக்கு லத்தீன் பெயர் தெரியும். பரீட்சைக்கு வரும் வெளியூர் எக்ஸாமினர்கள்கூடச் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பார்கள். ஆனால் ஒரு பாடத்துக்கும் இன்னொரு பாடத்துக்கும் நடுவில் ஒருத்தியின் பிழைப்பு மாறிப்போகும் என்பது அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

“பி.எஸ்ஸி.ன்னா பி.எஸ்ஸி.தான? பேருக்குப் பின்னால அந்த மூணு எழுத்தத்தான போடப் போற? உள்ள இன்னா படிச்சன்னு எவன் வந்து கேக்கப் போறான்?”

“எல்லாரும் கேப்பாங்கப்பா. அதத்தான் மொதல்ல கேப்பாங்க.”

“கேட்டா இன்னாடி?” என்றாள் ரத்தினபாய். “டீச்சர் வேலைக்கு இன்னா கொறச்ச? மிஷன் ஸ்கூல்ல செடி கொடி பாடம் எடுக்க ஆளே இல்லன்றாங்க. உங்கப்பா பர்மனென்ட் ஆனதாலதான் உனக்கு இனிமே பாதி ஃபீஸு. அந்தப் பத்து பேரு சேரலன்னா வேலையும் இல்ல, நீ மேத்ஸும் படிச்சிருக்க மாட்ட, ஒரு மண்ணும் படிச்சிருக்க மாட்ட. வூட்ல குந்திகினு அப்பளம் இட்டுகினு இருந்திருப்ப. அதுக்குத்தான் முட்டி போட்டு வேண்டிகினேன். தப்பா?”

அம்மா சொன்னதில் பொய் இல்லை.

“அத எங்கிட்டயே சொல்லியிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேன்ல?”

“குடுத்திருப்பியா?” என்றார் லாசரஸ்.

அவள் யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. ஜூன் மாதம் மேத்ஸ் இல்லை என்று இரண்டு நாள் படுத்து அழுதபோது, இதே மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, “அட வுடு கண்ணு, எல்லாம் நல்லதுக்குத்தான்” என்று தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கை நினைவுக்கு வந்ததும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

“கறிய வச்சிட்டுப் போறா பாரு” என்றாள் ரத்தினபாய். லாசரஸ் தன் பங்கைச் சாப்பிட்டு முடித்தார்.

திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி லேபில் எலியேசரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எரிந்துகொண்டிருந்த பர்னரை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

“இன்னும் நேரம் இருக்கு” என்றார் கடைசியில். “இந்த மாசக் கடைசி வரைக்கும் ஆன்சிலரி மாத்தச் சொல்லி யூனிவர்சிட்டிக்கு எழுதலாம். ஆனா பிரின்ஸ்பால் எழுதணும். டிபார்ட்மென்ட் பண்ண தப்புன்னாத்தான் அவர் எழுதுவாரு. வீட்டுல எடுத்த முடிவுன்னா பேனாவையே தொட மாட்டாரு. விட்ட பாடத்தை நான் ஆள் வச்சுச் சொல்லித் தரேன், அது பிரச்சினை இல்ல. உங்க அப்பா வாயைத் திறக்கணும். ஜெபராஜ் சொல்லித்தான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை.”

“வேலை போயிடுமா சார்?”

“ஆர்டர் கையில வந்தாச்சு. நிரந்தரமானவனை அவ்வளவு லேசா எடுக்க முடியாது. ஃபாரத்துல கை வச்சதுக்கு மெமோ குடுப்பாங்க. ஜெபராஜ் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பாரு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.”

அவர் சொல்லச் சொல்ல அவள் மனு எழுதினாள். புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு வரச் சொல்லி ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. லாசரஸையும் ஜெபராஜையும் அதே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் லாசரஸ் ஏரிக்குக் கிளம்பினார். அவளும் கூடவே போனாள். வீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு பேச முடியாது.

மழை விட்டிருந்தது. ஏரி கரை முட்ட நின்றது. வெயில் காலத்தில் முழங்கால் தண்ணீரில் கைவிட்டு அள்ளிவிடுகிற பாசிக்கு, இப்போது மார்பளவு இறங்க வேண்டும். லாசரஸ் காக்கி உடுப்பைக் கழற்றி மடித்துக் கரையில் கல் மேல் வைத்தார். கோவணத்தோடு இறங்கினார். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. காலால் துழாவி, வேர் பிடித்த இடத்தைக் கட்டைவிரலால் கண்டுபிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அறுந்துவிடாமல் அடியோடு இழுக்க வேண்டும். நுனி அறுந்த செடியை ஜெபராஜ் வாங்க மாட்டார். மேலே வந்து கொத்தை அலசி, பழுத்த இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஏரித் தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் போட்டார். குழாய்த் தண்ணீரில் போட்டால் மத்தியானத்துக்குள் துவண்டுவிடும்.

கரையில் துரைராஜ் எருமைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, பல்குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தான். பீர்க்கன்கரணைப் பக்கம் நிலபுலன் வைத்திருப்பவன்.

“இன்னா லாசரு, பர்மனென்ட் ஆயிட்டியாமே? இப்பவும் பாசிதான் வார்ற?”

“பர்மனென்ட்டா வார்றேன்.”

“என் எரும தெனம் துன்றத நீ படிக்கிற புள்ளைங்களுக்குக் குடுக்குற. அதுக்கு ஒரு சம்பளம், ஒரு காக்கிச் சட்ட. என் எருமைக்கு ஒரு டிகிரி வாங்கிக் குடேன்.”

“ஃபீஸு கட்டு, வாங்கித் தர்றேன். பத்து எரும சேந்தா ஒரு பேட்ச்சு.”

துரைராஜ் சிரித்தான். லாசரஸும் சிரித்தார். மகள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். துரைராஜ் எருமைகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனபிறகு கரையேறி வந்து துண்டால் துடைத்துக்கொண்டார். கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டையை நகத்தால் நெம்பி எடுத்தார்.

“சொல்லு” என்றார்.

“நாளைக்கு பிரின்ஸ்பால் கேப்பாரு. நடந்தத அப்படியே சொன்னாப் போதும். ஜெபராஜ் சார் சொல்லித்தான் செஞ்சேன்னு. வேலைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எலியேசர் சார் சொன்னாரு.”

“அவரு சொல்லுவாரு. அவருக்கின்னா, கெமிஸ்ட்ரி. நான் ஜெபராஜ் சாரு கீழ இன்னும் ஒம்போது வருசம் ஓட்டணும்.”

“நானும் ஓட்டணும்ப்பா. ஒம்போது வருசம் இல்ல.”

அவர் துண்டைப் பிழிந்தார். பிழிய ஒன்றும் இல்லாமல் போனபிறகும் பிழிந்தார்.

“மேத்ஸுன்னா அவ்ளோ ஆசையா உனக்கு?”

“ஆசன்னு இல்ல. அதுதான் வழி.” பெயின்ட் கம்பெனியில் பார்த்த பெண்ணைப் பற்றி முதல்முறையாக ஒருவரிடம் சொன்னாள். வெள்ளைக் கோட்டு, பியூரெட், நோட்டில் எழுதிய நான்கு ஆண்கள். லாசரஸ் கவனமாகக் கேட்டார்.

“ஆம்பளைங்க அவ சொல்றத எழுதிக்கினானுங்களா?”

“ஆமா.”

“நாலு பேரா?”

“நாலு பேரு.”

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பித்தானை மாட்டினார். “சரி. சொல்லிடறேன். இன்னா பண்ணிடுவாரு, தலையவா வாங்கிடுவாரு? பேனா உங்களுதுதான் சாருன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன்.”

டின்னை ஒரு பக்கம் அவர் பிடித்துக்கொண்டார், மறு பக்கம் அவள் பிடித்துக்கொண்டாள். லெவல் கிராஸிங்கில் கேட் சாத்தியிருந்தது. செங்கல்பட்டு வண்டி போகும்வரை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். வேர்க்கடலை விற்றவளிடம் லாசரஸ் இரண்டு பொட்டலம் வாங்கினார். ஞாயிறு முதல் ஒழுங்காகச் சாப்பிடாத ஞானஜோதி அங்கேயே நின்று தன் பொட்டலத்தைத் தின்று தீர்த்தாள். அவர் தன்னுடையதையும் அவளிடம் கொடுத்தார்.

புதன்கிழமை பிரின்ஸ்பால் அறையில் எலியேசர் கதவோரம் நின்றார். ஜெபராஜ் பிரின்ஸ்பாலுக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆலயத்தில் முன்வரிசைக்காரர், கமிட்டி மெம்பர். ஞானஜோதி உள்ளே வந்ததும், “வாம்மா” என்று அன்பாகத்தான் சொன்னார். லாசரஸ் புது காக்கியில், கையை முன்னால் கட்டிக்கொண்டு, மேஜையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார்.

பிரின்ஸ்பால் மனுவை ஒருமுறை மெதுவாகப் படித்தார். பிறகு ஜூன் மாதத்து ஃபாரத்தைக் கட்டிலிருந்து உருவி வைத்தார். ஞானஜோதி அன்றுதான் அந்தக் கோட்டைப் பார்த்தாள். தான் எழுதியிருந்த மேத்ஸ் என்ற சொல்லின் மேல் நீல மசியில் நேராகப் போயிருந்தது. அடிமட்டம் வைத்துப் போட்டிருந்தார்கள்.

“லாசரஸ், இது உன் கையெழுத்தா?”

“ஆமாங்க சார்.”

“பயப்படாமச் சொல்லு. டிபார்ட்மென்ட்ல யாராவது உன்னை இப்படி மாத்தி எழுதச் சொன்னாங்களா? அப்படின்னா அது காலேஜ் தப்பு. நான் இன்னைக்கே யூனிவர்சிட்டிக்கு எழுதறேன். இந்தப் பொண்ணு மேத்ஸுக்குப் போயிடலாம்.”

ஜெபராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். அவர் லாசரஸைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

“இல்லீங்க சார்” என்றார் லாசரஸ். “யாரும் சொல்லலீங்க. வூட்ல பேசி எடுத்த முடிவுங்க. பொம்பளப் புள்ள, டீச்சருக்குப் போவட்டும்னு.”

“பொண்ணுக்குத் தெரியாம மாத்தினதா மனுவுல இருக்கே?”

“தெரியுங்க சார். அதுவும் சரின்னுதாங்க சொல்லிச்சு. இப்ப மனசு மாறிட்டாப்ல.”

எலியேசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று ஞானஜோதி பயந்திருந்தாள். வாயைத் திறக்காமல் தலை குனிந்து நிற்பார், பிரின்ஸ்பாலே புரிந்துகொள்வார் என்றுகூட நினைத்திருந்தாள். தன்னைப் பொய் சொல்கிறவளாக ஆக்குவார் என்று நினைக்கவில்லை.

“நான் எழுதினதுதான் சார் உண்மை” என்றாள்.

“அப்ப உங்க அப்பா பொய் சொல்றாரா?”

“ஆமா சார்.”

லாசரஸின் கட்டிய கைகள் இன்னும் இறுகின. பிரின்ஸ்பால் இரண்டு காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

“கையெழுத்து கார்டியனோடது. கார்டியன் சொல்றதை வச்சுத்தான் நான் எழுத முடியும். உன் வார்த்தையை வச்சு எழுதினா யூனிவர்சிட்டியில என்னைக் கேள்வி கேப்பாங்க. போய் படிம்மா. எதைப் படிச்சாலும் நல்லாப் படிச்சா வழி கிடைக்கும்.”

“முதல் வருஷம் எல்லாருக்கும் இந்தத் தடுமாற்றம் வரும் சார்” என்று ஜெபராஜ் எழுந்தார். “நல்ல பொண்ணு. பாட்டனியில அவதான் ஃபர்ஸ்ட்.” வெளியே போகும்போது லாசரஸிடம், “ரெக்கார்டு நாளைக்குக் கண்டிப்பா வச்சாகணும்னு பசங்ககிட்ட ஒரு தடவை சொல்லிடு” என்றார்.

“சரிங்க சார்.”

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு லாசரஸ் வீட்டுக்கு வந்தார். ஞானஜோதி தரையில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். ரத்தினபாய் டீயை வைத்துவிட்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். காலேஜில் நடந்ததை அவளுக்கும் சொல்லியிருந்தார்கள் என்பது அதிலேயே தெரிந்தது.

லாசரஸ் டீயைக் குடித்து முடித்தார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“ஜெபராஜ் சாரு உன்னப் பத்திப் பேசுனாரு. நீ பாஸ் பண்ணதும் நம்ம லேபுலயே டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்குச் சொல்றேன்னாரு. நாலு பேரு இன்னா, நாப்பது புள்ளைங்க உன் முன்னால நின்னு எழுதிக்கும்.”

“எப்பச் சொன்னாரு?”

“நேத்து. ஏரியிலேர்ந்து போனன்ல, அப்பவே கூப்ட்டு வச்சிப் பேசுனாரு.”

அதாவது வேர்க்கடலை வாங்கிக் கொடுத்த ஒரு மணி நேரத்தில். புதன்கிழமை அந்த அறைக்குள் நுழையும்போதே அவரிடம் பதில் தயாராக இருந்திருக்கிறது. காலையில் அவளோடு சேர்ந்துதான் காலேஜுக்கு நடந்தார். மனதைத் தளரவிடாதே என்று வழியில் சொல்லிக்கொண்டு வந்தார்.

“எழுதிக் குடுத்தாரா?”

“பெரிய மனுசன். வார்த்த சொன்னா சொன்னதுதான். எனக்குப் பண்ணலியா?”

“உனக்கு எழுதிக் குடுத்தாங்கப்பா. ஆர்டர்னு.”

லாசரஸ் எழுந்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து, பழக்கத்தில் அவள் தோளுக்குப் பின்னால் நின்று நோட்டைப் பார்த்தார். வகுப்பில் அத்தனை பேருடைய படத்தையும் அப்படி நின்று பார்ப்பவர்தான்.

“ஹைட்ரில்லாதான அது, நேத்து வார்ன பாசி?”

லாசரஸ் இன்னும் குனிந்தார்.

“நடுவுல தண்ணி ஏத்துற ஸைலத்த இவ்ளோ பெருசா போட்டுட்டியே. தண்ணியிலேயே கெடக்குற செடிக்கு அது இருந்தும் இல்லாத மாரிதான் இருக்கும். அழிச்சிட்டுச் சின்னதாப் போடு. மார்க்கு போயிடும்.”

அவர் சொன்னது சரி. ரப்பர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஞானஜோதி அதைத் தொடவில்லை. பெரிதாக வரைந்த அந்த வட்டத்தைப் பென்சிலால் இன்னொரு முறை அழுத்தி வரைந்து, பக்கத்தில் கோடு இழுத்து ஸைலம் என்று பெயர் எழுதி, நோட்டை மூடினாள்.